டெட்ராய்ட்ல அப்பாயி சாவுக்குப் போன பொண்ணு கேட்ட கேள்விக்கு என் பதில்

உங்க கேள்விய மூணு தடவ படிச்சேன்மா. மேலோட்டமா பாத்தா "அமெரிக்க கறுப்பினக் குடும்பத்தோட பரம்பரைய எத்தனை தலைமுறை வரைக்கும் தேட முடியும்"னு தான் கேட்டிருக்கீங்க. ஆனா அதுக்கு முன்னாடி எழுதியிருக்கறதப் பாத்தா விஷயம் வேற மாதிரி தெரியுது. அப்பா டெட்ராய்ட், அவங்க பூர்வீகம் அலபாமால செல்மா பக்கம், அம்மா திருச்சி. அப்பா ஹார்ட் அட்டாக்ல போனப்ப உங்களுக்கு எட்டு வயசு, அம்மா உங்களக் கூட்டிட்டு திருச்சிக்கே வந்துட்டாங்க, பன்னெண்டு வருஷம் கழிச்சு போன மாசம் அப்பாயி இறந்ததுக்குத் தான் திரும்ப அங்க போயிருக்கீங்க, சர்ச்ல எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டிப் பாடறாங்க, அப்புறம் சாப்பாட்டு நேரத்துல சிரிச்சுப் பேசறாங்க, உங்களுக்கு மட்டும் அழுகையும் வரல பாட்டும் வரல. அம்மா பக்கம் குலதெய்வம் எந்த ஊருன்னு வரைக்கும் தெரியும், அப்பா பக்கம் அப்பாயிக்கு மேல ஒரு பேரு கூடத் தெரியல. "இத என்னோடதுன்னு சொல்லிக்க எனக்கு உரிமை இருக்கா"ன்னு கடைசில, அதுவும் அடைப்புக்குறிக்குள்ள போட்டுக் கேட்டிருக்கீங்க. அந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்கறது தான் கேள்வின்னு நான் எடுத்துக்கறேன்.

நான் பதினாறு வருஷமா அலபாமால மான்ட்கமரில இருக்கேன். லைப்ரரி சயின்ஸ் படிச்சிட்டு இங்க ஒரு பொது நூலகத்துல குடும்ப வரலாறு தேடறவங்களுக்கு உதவற டெஸ்க்ல உக்காந்திருக்கேன். வர்றவங்கள்ல பாதிக்கு மேல கறுப்பினத்தவங்க, அதுலயும் நிறைய பேரு வீட்டுல ஒரு சாவு நடந்து காரியமெல்லாம் முடிஞ்ச அடுத்த மாசம் தான் வருவாங்க, கைல ஒரு மஞ்சக் கவரோட. அதனால உங்க கேள்வி எனக்குப் புதுசு இல்ல. ஆனா நான் அந்த சமூகத்துல பொறந்தவ இல்ல, மனசு சம்பந்தமான டாக்டரும் இல்ல. பேப்பர் விஷயத்துல நான் சொல்றத நம்பலாம், மத்ததுல உங்க அத்தை ஒண்ணு சொல்லி நான் வேற சொன்னா அத்தை பேச்சத் தான் கேக்கணும்.

முதல்ல அந்தப் பாட்டும் சிரிப்பும். அந்த சடங்குக்கு அவங்க ஹோம்கோயிங்னு பேரு வச்சிருக்காங்க, ஆத்மா வீட்டுக்குத் திரும்பிப் போகுதுன்னு அர்த்தம். அடிமைக் காலத்துல பகல் பூரா வயல்ல வேலை, அதனால நிறைய இடத்துல பந்தம் கொளுத்திட்டு ராத்திரில தான் அடக்கம் பண்ணுவாங்க. 1831ல வர்ஜீனியால நாட் டர்னர்ங்கற அடிமை தலைமைல கலகம் நடந்த பிறகு தெற்கு மாநிலங்கள்ல கறுப்பினத்தவங்க கூட்டம் கூடறதுக்கும் பிரசங்கம் பண்றதுக்கும் சட்டம் போட்டு இறுக்கிட்டாங்க. அப்படி இருந்தவங்களுக்கு செத்தவங்கள சத்தமாப் பாடி அனுப்ப முடியறதே எவ்வளவு பெரிய விஷயம்னு பாருங்க. அங்க வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை கிளவுஸ் போட்டுட்டு அட்டை விசிறியும் டிஷ்யூவும் குடுத்துட்டு நின்னாங்களே அந்தம்மாங்க, யாராவது தாங்க முடியாம சரிஞ்சா பிடிச்சுக்கறதுக்குன்னே நிக்கறவங்க. அழாதவங்கள அவங்க கணக்கு எடுக்க மாட்டாங்க. நம்ம ஊர் சாவுலயும் தான் ஒருபக்கம் ஒப்பாரி, இன்னொரு பக்கம் பந்தல்ல சீட்டு ஆடுவாங்க, நீங்க பாத்திருப்பீங்க.

இப்ப ஒரு சின்ன கணக்கு. அப்பாயி 1941ல பொறந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. அவங்க அம்மா சுமாரா 1912 வாக்குல பொறந்திருக்கலாம், அந்தம்மாவோட அம்மா 1885, அதுக்கு மேல உள்ளவங்க 1855. அதாவது அடிமையாப் பொறந்தவங்க. உங்க அப்பாயி குழந்தையா யாரு மடில உக்காந்து கதை கேட்டாங்களோ அந்தப் பாட்டியே அடிமையாப் பொறந்த ஒரு தாயோட பொண்ணா இருந்திருக்கலாம். இது நான் மனசுல போட்ட கணக்கு தான், ஒரு தலைமுறை முன்ன பின்ன ஆகலாம். ஆனாலும் அடிமை முறை ஒழிஞ்ச 1865ங்கறது நீங்க நினைக்கற அளவுக்கு தூரத்துல இல்ல, நாலே கை தள்ளித் தான் இருக்கு.

நீங்க இன்னும் மூணு வாரம் டெட்ராய்ட்ல இருப்பேன்னு சொல்றீங்க. அந்த மூணு வாரத்த கம்ப்யூட்டர் முன்னாடி செலவு பண்ணாதீங்க. சென்சஸ் எல்லாம் ஃபேமிலிசெர்ச் தளத்துல இலவசமாவே இருக்கு, திருச்சில உக்காந்து ராத்திரி பூரா பாக்கலாம். அங்க இருக்கும்போது பண்ண வேண்டியது வேற. சர்ச்ல குடுத்த அந்த ப்ரோக்ராம், நாலு பக்கமோ எட்டு பக்கமோ வழவழன்னு கலர்ல அடிச்சிருப்பாங்களே, அத எடுத்து வைங்க. முன் அட்டைல போட்டோவுக்குக் கீழ சன்ரைஸ்னு ஒரு தேதி, சன்செட்னு ஒரு தேதி போட்டிருக்கும், நம்ம ஊர் போஸ்டர்ல தோற்றம் மறைவுன்னு போடுவோமே அதே தான். உள்ள வாழ்க்கை வரலாறு, யார் யாரு அவங்களுக்கு முன்னாடியே போய்ட்டாங்கன்னு ஒரு வரி, யார் யாரு மிச்சம் இருக்காங்கன்னு ஒரு பட்டியல், பெட்டி தூக்கினவங்க பேரு, அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ணது எந்த ஃப்யூனரல் ஹோம். முன்னாடியே போனவங்கன்னு வர்ற அந்த ஒரு வரிக்காக நாங்க நூலகத்துல தவம் கிடப்போம், ஏன்னா கூடப் பொறந்தவங்க பேரெல்லாம் அதுல தான் மொத்தமா வரும். அத்தை வீட்டுல பீரோவுலயோ பெரிய பைபிளுக்குள்ளயோ இந்த மாதிரி பழைய ப்ரோக்ராம் ஒரு கட்டு நிச்சயமா இருக்கும், எந்த வீட்டுலயும் தூக்கிப் போட மாட்டாங்க. எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. போட்டோ எடுக்கும்போது அத்தை பக்கத்துல உக்காந்து "இவரு யாரு தெரியுமா"ன்னு ஆரம்பிப்பாங்க, அப்ப அவங்ககிட்ட கேட்டுட்டு ரெக்கார்டர ஆன் பண்ணுங்க. கேள்வி லிஸ்ட் எல்லாம் வேண்டாம். எந்த சர்ச்சுக்குப் பின்னாடி புதைச்சிருக்காங்க, விளைச்சல்ல பங்கு குடுக்கற வாரத்துக்கு யாருகிட்ட நிலம் வாங்கி பருத்தி போட்டாங்க, வீட்டுல கூப்பிடற பேரு என்ன, இது மூணும் வந்துட்டா போதும். கூப்பிடற பேரு ரொம்ப முக்கியம், சென்சஸ் எடுக்க வந்தவன் பல தடவ அதத் தான் எழுதிட்டுப் போயிருப்பான்.

செல்மான்னாலே எல்லாரும் 1965 மார்ச்ல வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவங்க மேல பாலத்துல நடந்த தடியடியத் தான் கேப்பாங்க. நீங்களும் கேளுங்க, ஆனா அப்பாயி அப்ப ஊர்ல இருந்தாங்களா இல்ல ஏற்கனவே டெட்ராய்ட் போய்ட்டாங்களான்னு மொதல்ல கேளுங்க. 1910லேருந்து 1970க்குள்ள சுமார் 60 லட்சம் பேரு தெற்க விட்டு வடக்கயும் மேற்கயும் போனாங்க, அதுல அப்பாயியும் ஒருத்தங்க. போன கதைய விட ஏன் போனாங்கங்கற கதை சில வீட்டுல வாயத் திறந்து சொல்ல மாட்டாங்க. அமைதியாயிட்டாங்கன்னா விட்டுடுங்க.

பேப்பர் வழி இப்படிப் போகும். 1950 சென்சஸ் 2022 ஏப்ரல்ல தான் பொதுவெளிக்கு வந்துச்சு, 72 வருஷம் மூடி வைக்கணும்னு விதி. அதுல உங்க அப்பாயி எட்டு ஒம்போது வயசுப் பொண்ணா அப்பா அம்மாவோட இருக்கணும். இத மொதல்ல பாருங்கன்னு நான் எல்லாருக்கும் சொல்வேன், செத்துப் போன பாட்டிய ஒரு குழந்தையா ஒரு வரில பாக்கறப்ப சில பேருக்கு அங்க தான் அழுகை வரும். அங்கேருந்து பத்து பத்து வருஷமா கீழ இறங்கணும், 1890 மட்டும் கிடைக்காது, 1921ல நடந்த தீ விபத்துல பெரும்பகுதி போயிடுச்சு. அலபாமால மாநில அளவுல பிறப்பு இறப்பு பதிவே 1908ல தான் ஆரம்பிச்சுது. சோஷியல் செக்யூரிட்டிங்கற அரசாங்க ஓய்வூதியத் திட்டத்து நம்பருக்கு எழுதிப் போட்ட விண்ணப்பம் கிடைச்சா அப்பா அம்மா பேரு ரெண்டும் இருக்கும், ஆனா அந்தத் திட்டம் வந்தப்ப விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை பாக்கறவங்களையும் சேக்கவே இல்ல, 1950கள்ல தான் சேத்தாங்க, அதனால பழைய ஆளுங்களுக்குத் தேடி ஏமாறாதீங்க. வயசு முன்ன பின்ன இருக்கும், பத்து வருஷத்துல ஏழு வயசு தான் கூடியிருக்கும், ஒரே ஆளு ஒரு சென்சஸ்ல கறுப்பு, அடுத்ததுல கலப்பு. எழுத்துப் பிழையப் பத்தி பேசவே வேண்டாம்.

இப்படியே வந்தா 1870ங்கற சுவத்துல போய் முட்டும். அடிமையா இருந்தவங்களோட பேரு முழுசா எழுதப்பட்ட முதல் தேசிய சென்சஸ் அது தான். அதுக்கு முந்தின 1860ல சுமார் 39.5 லட்சம் பேரு அடிமையா இருந்தாங்க, அவங்களுக்குன்னு தனி அட்டவணை, அதுல முதலாளி பேரு இருக்கும், அதுக்குக் கீழ வயசு, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவு தான். பேரே கிடையாது. எங்க டெஸ்க்குக்கு ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மேன் வருவாரு, நாலு மாசம் தேடி கடைசில ஒரு பக்கத்துல வந்து நின்னாரு, "34, பெண், கறுப்பு", அதுக்குக் கீழ "11, ஆண், கறுப்பு". அவரு கணக்குப்படி அந்தப் பையன் தான் அவரோட முப்பாட்டன். இருக்கலாம். அந்த ஊர்ல அதே வயசுல இன்னும் எத்தனையோ பையன் இருந்திருப்பான். அவரு ஸ்க்ரீன் மேல அந்த 34 மேல விரல வச்சிட்டு அப்படியே இருந்தாரு, நூலகம் மூடற மணி அடிச்சும் எடுக்கல. நானும் லைட்ட அணைக்கல.

அந்தச் சுவத்துல ஓட்டை இல்லாம இல்ல. அலபாமா விஷயத்துல 1866ல மாநிலமே ஒரு சென்சஸ் எடுத்துச்சு, அதுல கறுப்பினக் குடும்பத் தலைவர்கள் பேரு இருக்கு, 1867 வாக்காளர் பதிவேட்டுல 21 வயசான ஆம்பளைங்க பேரு இருக்கு. உள்நாட்டுப் போர் முடிஞ்சப்ப விடுதலையானவங்களுக்கு உதவ அரசாங்கம் வச்ச ஃப்ரீட்மென்ஸ் பீரோவோட கூலி ஒப்பந்தம், கல்யாணப் பதிவு, ரேஷன் லிஸ்ட் எல்லாம் இப்ப பேரு போட்டுத் தேடலாம். எனக்குப் பிடிச்சது ஃப்ரீட்மன்ஸ் பேங்க். 1865ல விடுதலையானவங்களுக்காகன்னு தொடங்கி 1874ல திவாலாகி ஏழைங்க சேத்த காச முழுங்கிட்டுப் போன பேங்க். ஆனா கணக்கு தொடங்கறவங்கள அடையாளம் தெரிஞ்சுக்க அப்பா பேரு, அம்மா பேரு, அண்ணன் தம்பி, எங்க பொறந்த, எங்க வளந்த, பழைய முதலாளி யாருன்னெல்லாம் கேட்டு எழுதி வச்சிருக்கான். காசு போச்சு, ஃபாரம் நின்னுடுச்சு. அந்தப் போர்ல வடக்குப் பக்கம் சண்டை போட்ட யூனியன் படைல சேந்த கறுப்பின சிப்பாய்ங்க சுமார் 1,79,000 பேரு, அவங்கள்ல யாராவது உங்க வம்சத்துல இருந்தா அந்த விதவைப் பென்ஷன் ஃபைல் ஒரு புதையல். அடிமைக் கல்யாணத்துக்கு சட்டத்துல மதிப்பு இல்லாததால கல்யாணம் நடந்துச்சுன்னு நிரூபிக்க அக்கம்பக்கத்துல இருந்தவங்க எல்லாம் வந்து சாட்சி சொல்லியிருப்பாங்க, யாரு சமைச்சா, எந்தக் குழந்தை எப்ப செத்துச்சுங்கற வரைக்கும்.

முதலாளி குடும்பத்தோட உயில், சொத்துக் கணக்கு, இதுல பேரு கிடைக்கும், ஆனா படிக்க மனசு வேணும். நான் முதல் தடவ பாத்தது ஒரு கோவேறு கழுதைக்கும் ஒரு தறிக்கும் நடுவுல ஒரு தாயும் குழந்தையும், பக்கத்துல விலை. நீங்க இத தனியா பாக்காதீங்க, அதுவும் இப்ப வேண்டவே வேண்டாம். இன்னொண்ணு, குடும்பப் பேரு பழைய முதலாளியோட பேரா தான் இருக்கும்னு நெட்ல எழுதறாங்க, அத அப்படியே நம்பிட வேண்டாம். சில பேரு ரெண்டு முதலாளிக்கு முந்தினவனோட பேர வச்சுக்கிட்டாங்க, சில பேரு தானே தேர்ந்தெடுத்தாங்க. செல்மாலேருந்து ஆத்தோடயே கீழ போனா ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, அங்க பெட்வேங்கற பேரு தெருவுக்குத் தெரு இருக்கும், 1845ல பண்ணைய வாங்கின ஆளோட பேரு அது. ஒரே பேரு இருக்கறதால எல்லாரும் ரத்த சொந்தம்னு ஆகாது. 1880 சென்சஸ்ல அப்பா அம்மா பொறந்த மாநிலமும் கேட்டிருப்பாங்க, வர்ஜீனியான்னோ கரோலினான்னோ வந்துச்சுன்னா அங்கேருந்து யாரையோ வித்து இல்ல நடத்திக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு புரிஞ்சுக்கலாம். அப்படி பத்து லட்சம் பேருக்கு மேல உள்நாட்டுலயே இடம் மாத்தினாங்க. அதுல பிரிஞ்ச அம்மாவத் தேடி, புள்ளையத் தேடி விடுதலைக்கு அப்புறம் வருஷக்கணக்கா பேப்பர்ல விளம்பரம் குடுத்தாங்க, நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு சர்ச் பத்திரிகைல லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ், அதாவது தொலைஞ்ச நண்பர்கள்னு, அதுக்குன்னே ஒரு பகுதி வந்துச்சு, பாதிரியாருங்க அத ஞாயித்துக்கிழமை மேடைல வாசிப்பாங்க. உங்க அப்பாயி குடும்பம் தேடப்பட்ட குடும்பமா தேடின குடும்பமா யாரு கண்டா.

டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. உறுதியானது, சொந்தக்காரங்களக் காட்டறது. ரெண்டாவது மூணாவது கசின்னு வந்தா பெரும்பாலும் நிஜம் தான். அவ்வளவா நம்ப முடியாதது, நைஜீரியா இத்தனை சதவீதம், கேமரூன் இத்தனைன்னு வர்ற கணக்கு. கம்பெனி டேட்டாவ அப்டேட் பண்ணா அதுவும் மாறும், போதாததுக்கு அந்த நாட்டு எல்லைக்கோடெல்லாம் கப்பல் ஏத்தின காலத்துக்கு அப்புறம் வெள்ளைக்காரன் போட்டது. 2015ல வந்த ஒரு பெரிய ஆய்வுல அமெரிக்க கறுப்பினத்தவங்களுக்கு சராசரியா 24 சதவீதம் ஐரோப்பிய மரபுன்னு வந்துச்சு. அது உங்க அப்பா பக்கத்துலயும் வரலாம், அதுல முக்காவாசி எப்படி வந்துச்சுன்னு நான் விளக்க வேண்டியதில்ல, அத முன்னாடியே தெரிஞ்சு வச்சுட்டு ரிசல்ட்ட திறங்க. அப்புறம் அப்பாயியோட தாய்வழிய காட்டற பாகம் உங்ககிட்ட கிடையாதும்மா. அது அம்மா வழியா தான் வரும், உங்களுக்கு வந்தது திருச்சி. அப்பாயியோடது அத்தைகிட்ட தான் இருக்கு. எச்சில் குடுக்கறது அவங்க இஷ்டம், காசு குடுத்து கிட் வாங்கிட்டோம்னு கட்டாயப்படுத்தாதீங்க.

அப்பாயி தச்ச ஒரு குவில்ட்ட, அதான் துண்டுத் துணி சேத்துத் தைக்கற போர்வைய, அத்தை உங்களுக்குக் குடுத்தாங்கன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க. இத நீங்க பெருசா எடுத்துக்கலன்னு தோணுது. ஜீஸ் பெண்ட்னு சொன்னேனே, அங்க மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா, புருஷன் இறந்த பிறகு அவரு வேலைக்குப் போட்டுட்டுப் போன துணியெல்லாம் வெட்டி 1942ல ஒரு போர்வை தச்சாங்க. அவர ஞாபகம் வச்சுக்கணும், அன்பா அதுக்குள்ள போத்திக்கணும்னு சொன்னதா அவங்க மக பிற்காலத்துல சொல்லியிருக்காங்க. உங்க குவில்ட்ட வெளிச்சத்துல விரிச்சுப் பாருங்க. ஜீன்ஸ் துணி இருந்தா முட்டி இருந்த இடம் வெளுத்திருக்கும், பாக்கெட்ட பிரிச்ச இடம் மட்டும் கருநீலமா சதுரமா நிக்கும். அடிப்பக்கம் மாவு மூட்டைத் துணியான்னு பாருங்க, அச்சு எழுத்து லேசா தெரியும். எது யாரோட சட்டைன்னு அத்தைக்குத் தெரியலாம். உங்க அப்பாவோட சட்டை கூட அதுல இருக்கலாம், நான் ஆசை காட்டறேன்னு நினைக்காதீங்க, கேட்டுப் பாருங்கன்னு தான் சொல்றேன். துவைக்க மட்டும் வேண்டாம்.

ஆப்பிரிக்கா வரைக்கும் போக முடியுமான்னா, பேப்பர்ல கிட்டத்தட்ட முடியாது. அட்லாண்டிக்ல கப்பல் ஏத்தினவங்க சுமார் 1.25 கோடி, அதுல நேரா வட அமெரிக்கால இறங்கினவங்க 3.88 லட்சம் பேரு தான், அவங்க எந்த கிராமம்னு யாரும் எழுதி வைக்கல. ஒரே ஒரு குடும்பத்தோட கதை எனக்குத் தெரியும். ஜார்ஜியா கடலோரத்துல ஹாரிஸ் நெக்குனு ஒரு ஊர்ல அமீலியா டாலின்னு ஒரு அம்மா, அர்த்தம் தெரியாமலே வழிவழியா வந்த அஞ்சாறு வரிப் பாட்டு ஒண்ணப் பாடுவாங்க. லொரென்சோ டர்னர்ங்கற கறுப்பின மொழியியல் அறிஞர் 1930கள்ல அத பதிவு பண்ணி வச்சாரு, மேற்கு ஆப்பிரிக்கால மெண்டே மொழின்னு தெரிஞ்சுது. ரொம்ப வருஷம் கழிச்சு ஆராய்ச்சியாளருங்க சியரா லியோன்ல ஊர் ஊரா தேடி செனெஹுன் ங்கோலாங்கற கிராமத்துல அதே பாட்டப் பாடற ஒரு பொண்ணக் கண்டுபிடிச்சாங்க. அமீலியாவோட மக மேரி மோரன் 1997ல அங்க போய் நின்னாங்க. அது என்ன பாட்டு தெரியுமா, செத்தவங்கள அனுப்பி வைக்கற சடங்குப் பாட்டு. இந்த மாதிரி லட்சத்துல ஒண்ணு கூட நடக்காது, உங்களுக்கு நடக்கும்னு நான் சொல்லல. அப்பாயி சமைக்கும்போது ஏதாவது முணுமுணுப்பாங்களான்னு அத்தைகிட்ட ஒரு தடவ கேட்டுடுங்க, அவ்வளவு தான்.

டெட்ராய்ட் பொது நூலகத்துல பர்ட்டன் கலெக்ஷன்னு ஒரு பிரிவு இருக்கு, ஃப்ரெட் ஹார்ட் வில்லியம்ஸ் பேருல கறுப்பினக் குடும்ப வரலாறுக்குன்னே ஒரு சங்கமும் இருக்கு, ஒரு நாள் போங்க, மிச்சிகன் ஆவணத்துல என்னை விட அவங்களுக்குத் தான் பழக்கம். எப்பவாவது மான்ட்கமரி பக்கம் வந்தா ஆத்தங்கரைல 2024ல தொறந்த நினைவுச் சுவர் ஒண்ணு இருக்கு, 43 அடி உயரம், 1870 சென்சஸ்லேருந்து எடுத்த 1,22,000 குடும்பப் பேரு அதுல செதுக்கியிருக்காங்க. உங்க அப்பாவோட குடும்பப் பேரு எந்த இடத்துலன்னு நான் வந்து தேடித் தர்றேன்.

உரிமை பத்தி கேட்டீங்கல்ல. ப்ரோக்ராமுல பேரப்பிள்ளைங்க பட்டியல்ல உங்க பேரையும் போட்டிருந்தாங்க, ஆனா ஸ்பெல்லிங் தப்பா இருந்துச்சு, அதப் பாத்ததும் தான் நான் இங்க வெளி ஆளுன்னு தோணிச்சுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அதப் படிச்சதும் வேற தோணுச்சு. அந்தப் பட்டியல ஃப்யூனரல் ஹோம்காரன் தானா எழுத மாட்டான், குடும்பத்துல ஒருத்தங்க உக்காந்து ஒவ்வொரு பேரா சொல்லணும், அதுவும் சாவு வீட்டு அவசரத்துல. பன்னெண்டு வருஷமா கண்ணால பாக்காத, வேற நாட்டுல வேற மொழி பேசி வளந்த ஒரு பேத்தியோட பேர, வாயில நுழையாத தமிழ்ப் பேர, யாரோ ஞாபகம் வச்சு சொல்லியிருக்காங்க. அது யாருன்னு நாளைக்கு அத்தைகிட்ட கேளுங்க.